சடையனின் ஐந்தாவது படம்

1

இந்தக் கதை ஒரு பொய்க் கடிதத்திலிருந்து பிறந்தது. எழுதியவன் நான். ஆங்கிலத்தில் பதினோரு வரிகள். ஓசூரில் ஒரு டிடிபி சென்டரில் அடித்து, ஓசூர் முத்திரை விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பஸ் ஏறிப் பெங்களூர் போய்த் தபாலில் போட்டேன். 2007 ஆகஸ்ட்.

இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு நான்கு வரைவுகள் ஆயின. முதல் வரைவின் தொடக்கம் இது:

சிப்காட்டின் சங்குகள் ஊதி ஓய்ந்த பின், ஆகஸ்ட் மாதக் குளிர் மெல்ல

ஓசூரில் ஆகஸ்டில் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் குளிரை வர்ணிக்கத் தொடங்குகிறவன் எதையோ தள்ளிப்போடுகிறான். விட்டுவிட்டேன்.

இரண்டாவது வரைவு: ‘ஓர் ஊரில் மூன்று ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பொய்யன்.’ இதில் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது. என் எழுத்தில் சாமர்த்தியம் தென்படும் இடத்தில் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள்.

மூன்றாவது வரைவைக் கடிதம் போய்ச் சேர்ந்த திம்மராயனின் பார்வையில் எழுதினேன். பேரிகை கிராமத்தில் அவர் வீட்டு வாசலில் தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கிறார். திம்மராயனின் கை நடுங்குகிறது. அந்த ‘நடுங்குகிறது’வில் நின்றுவிட்டேன். நடுங்கியதா? நான் அங்கே இல்லை. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் சொல்வதாக அன்று முடிவு செய்தேன்.

2

முதலில் சடையன் யாரென்று சொல்லவேண்டும். இப்போது யாருக்கும் நினைவில்லை.

கண்டக்டர் சடையன் ஒரு சினிமாக் கதாபாத்திரம். 1983க்கும் 1993க்கும் இடையில் அவனை வைத்து நான்கு படங்கள் வந்தன. நான்கிலும் ஒரே நடிகர், ஒரே காக்கிச் சட்டை, ஒரே விசில். ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு பஸ் பயணம். பஸ் புறப்படும்போது பயணி ஒருவருக்கு ஏதோ சிக்கல். கடைசி நிறுத்தம் வருவதற்குள் சடையன் அதைத் தீர்த்துவிடுவான். அடிதடி அதிகம் கிடையாது. பேசிப் பேசியே தீர்ப்பான். நகரத்துத் தியேட்டர்களில் ஒரு வாரம்கூட ஓடாத படங்கள். டூரிங் கொட்டகைகளில் வருடக்கணக்கில் ஓடியவை.

நான்காவது படத்தில் மட்டும் சிக்கல் தீரவில்லை. மலைப்பாதையில் பஸ் நிற்கும்போது வாய் பேசாத எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறங்கிக் காணாமல் போகிறாள். சடையன் அவளைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். இருட்டுவதற்குள் மலை இறங்கவேண்டிய பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்புகிறது. திரையில் ‘சடையன் வருவான்’ என்று எழுத்து விழுகிறது. அவன் வரவில்லை. தயாரிப்பாளருக்கு உடம்பு முடியாமல் போனது, நடிகர் இறந்துபோனார், அப்படியே நின்றுவிட்டது.

ஒரு சினிமா வார இதழின் வாசகர் பக்கத்தில் 2006இல் ஒரு கடிதம் வந்தது. ‘சடையன் அந்தப் பெண் குழந்தையைக் கண்டுபிடித்தானா? விவரம் தெரிந்தவர்கள் எழுதவும். திம்மராயன், பேரிகை அஞ்சல்.’ நான் அவருக்கு ஒரு கார்டு போட்டேன். எனக்கும் தெரியாது என்றுதான் எழுதினேன். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து ஓசூர் ஹாஸ்டல் ஒன்றில் தங்கி வேலை பார்த்த பொற்கொடி என்ற பெண்ணும் எழுதியிருந்தாள். திம்மராயன் எங்கள் இருவருக்கும் ஒரே தேதியைக் குறித்துப் பதில் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடி ஹோட்டல், பதினோரு மணி.

திம்மராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தக்காளியும் ராகியும் போடுகிற மூன்று ஏக்கர்காரர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், எங்களோடு தமிழ். மனைவி பூவம்மாள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பிரவீனா கல்யாணமாகிப் பெங்களூரில். பொற்கொடிக்கு இருபத்தாறு. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில், பூதக்கண்ணாடிக்குக் கீழே வயர் ஒட்டுகிற வேலை.

நான் விளாத்திகுளம் பக்கம். வார்ப்பு இரும்புப் பாகங்களைக் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்துச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை. நான்கு பேருக்கு இரண்டு பாய். வேறு வேறு ஷிப்ட் என்பதால் நான்கு பேரும் ஒன்றாக விழித்திருந்து நான் பார்த்ததில்லை. சில வாரங்களில் திங்கள் முதல் சனி வரை நான் வாய் திறந்து சொன்ன சொற்கள் ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ ஆகிய இரண்டு மட்டுமே.

(இந்த வரியை நம்பவேண்டாம். சாப்பாட்டுக் கடையில் ‘இன்னொரு அப்பளம்’ என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைய என் நினைப்பு அப்படித்தான் இருந்தது.)

3

பெண் ஒருத்தி இருந்ததால் ஹோட்டல்காரர் எங்களை ஃபேமிலி ரூமில் உட்கார வைத்தார். பரிமாறுகிறவர் முதல் நாளே எங்களை அப்பா, மகள், மருமகன் என்று முடிவு கட்டிவிட்டார். “மாமாவுக்கு இன்னொரு காபியா?” என்று என்னிடம் கேட்டார். மூன்று பேரும் அவரைத் திருத்தவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. நான்கு படங்களையும் திரும்பத் திரும்பப் பேசி முடித்துவிட்டோம். எந்தப் படத்தில் சடையனின் பைக்கு எத்தனை பித்தளைப் பொத்தான் என்பதுவரை. 2007 மே மாதம் பேச்சு தீரும் நிலைக்கு வந்தபோது, திம்மராயன் வார இதழைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

“வித்துட்டானுங்க,” என்றார். “தயாரிப்பாளரோட பசங்க. பேரு, கதை, பாட்டு, விசிலு எல்லாத்தையும் சேத்துப் பெங்களூர் கம்பெனிக்கு வித்துட்டானுங்க.”

“விசிலையுமா?” என்றாள் பொற்கொடி.

“எல்லாம்னு போட்டிருக்குது. அப்ப விசிலும்தானே.”

அன்று ஹாஸ்டல் நேரம் முடியும்வரை பேசினோம். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். அந்தக் கம்பெனி ஐந்தாவது படத்தைக் கன்னடத்தில் முதலில் எடுக்குமாம், இளம் நடிகர் ஒருவரைப் போட்டு, வால்வோ பஸ்ஸில்.

“வால்வோவுல கண்டக்டர் எங்க நிக்கிறது?” என்றேன். “சடையன் படிக்கட்டுல தொங்கிக்கிட்டே பேசுதவன். கதவு மூடியிருந்தா அவன் சடையனே இல்ல.”

“நல்லுசாமி தம்பி, பஸ்ஸு மாறும். ஆளு மாறுவான். வேலை ஒண்ணுதானே,” என்றார் திம்மராயன். “கன்னடத்துல எடுத்தா என்னா? எனக்குப் புரியும். உங்க ரெண்டு பேருக்குத்தான் கஷ்டம். நான் பக்கத்துல ஒக்காந்து சொல்றேன்.”

“எடுக்கவே வேணாம்ணா,” என்றாள் பொற்கொடி. “அவன் எறங்கிட்டான். பஸ்ஸு போயிருச்சு. அதோட முடிஞ்சுது.”

“கொழந்தை?”

“படம் வந்து பதினாலு வருசம் ஆவுது. அந்தக் கொழந்தைக்கு இப்ப இருவத்தி ரெண்டு வயசு. எங்கனா ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போயிட்டிருக்கும். அவன் தேடுற கொழந்தை காட்டுலயே இல்ல.”

திம்மராயன் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“அந்தப் படத்தை எங்கூர் கொட்டாயில பாத்தப்ப பூவம்மா பக்கத்துல இருந்தா. வெளிய வர்றப்ப, ‘அப்புறம் அந்தப் பாப்பா என்னா ஆச்சு?’ன்னு கேட்டா. அடுத்த படத்துல சொல்லுவாங்க, கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில இருக்கும்போதும் கேட்டா. ‘உங்க சடையன் வந்தானா?’ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா.”

பொற்கொடி அன்று மேற்கொண்டு வாதாடவில்லை. கம்பெனிக்கு எழுதுவோம் என்று யோசனை சொன்னதே அவள்தான். இன்டர்நெட் சென்டரில் முகவரி தேடி எடுத்தாள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, திம்மராயனின் முகவரியைக் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்தாவது படம் எடுத்தால் குழந்தை கிடைத்தாகவேண்டும் என்பது ஒன்றுதான் எங்கள் கோரிக்கை. பொற்கொடியும் போட்டாள் கையெழுத்து.

4

பதில் வரவில்லை. ஜூலை கடைசியில் அதே இதழில் நான்கு வரிச் செய்தி வந்தது. பெங்களூர் கம்பெனி அந்தப் படங்களை டிவிக்காக மொத்தமாக வாங்கிய நூற்றுச் சொச்சம் படங்களோடு சேர்த்து வாங்கியிருக்கிறது. புதிய படம் எடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை.

செய்தியை முதலில் பார்த்தது பொற்கொடி. அவள் அதை என்னிடம் மட்டும் காட்டினாள். திம்மராயனுக்கு அந்த வார இதழ் கிடைக்கவில்லை. பேரிகைக்கு எப்போதாவதுதான் வரும்.

“அண்ணாகிட்ட எப்பிடிச் சொல்றது?” என்றாள். “சொல்லிட்டா அப்புறம் நாம எதுக்கு வர்றது? எனக்கும் துணி தொவைக்க ஞாயித்துக்கெழமை ஒண்ணுதான் இருக்குது.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வாரம் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேஜுக்குள் போகிற ஒவ்வொரு இரும்புத் துண்டையும் பார்க்கும்போது, இனி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று யோசித்தேன். அறையில் இருப்பேன். யாரோ தூங்கிக்கொண்டிருப்பான், விளக்கைப் போட முடியாது. வெளியே போய் நிற்பேன். யாருக்காகவும் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பவனை மற்றவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை டிடிபி சென்டருக்குப் போனேன்.

(இங்கே ஒரு வாசகர் கேட்கலாம்: நண்பர்களாகத் தொடர்ந்து சந்திக்கலாம் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். ‘நீங்கள் வராவிட்டால் எனக்கு யாருமில்லை’ என்று ஒருவரிடம் சொல்வதைவிட ஒரு கம்பெனியின் பெயரில் கள்ளக் கடிதம் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.)

கடிதத்தின் சாரம்: உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்தாவது படம் பற்றி ரசிகர்களின் யோசனையை வரவேற்கிறோம். கதையை முழுமையாக எழுதித் தயாராக வைத்திருக்கவும். உரிய நேரத்தில் தொடர்புகொள்வோம்.

அனுப்பவும் என்று எழுதவில்லை. எழுதி வைத்திருக்கவும் என்றுதான் எழுதினேன். அந்த ஒரு சொல்லில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

5

திம்மராயன் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரிகை பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டலாமே என்று கேட்டதற்கு, “முதல்ல நாம மூணு பேரும் பாக்கணும்ல,” என்றார். பொற்கொடி வாங்கி வாசித்துத் தமிழில் சொன்னாள். வாசித்து முடித்துக் கடிதத்தை மடிக்கும்போது அவள் என்னைப் பார்த்தாளா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு வரைவில் பார்த்தாள் என்றும், இன்னொன்றில் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

திம்மராயன் எழுந்துபோய்ப் பரிமாறுகிறவரிடம் மூன்று கேசரி சொன்னார்.

பிறகு வந்த பத்து ஞாயிற்றுக்கிழமைகள் என் ஓசூர் வாழ்க்கையிலேயே நல்லவை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினோம். திம்மராயன் சொல்ல, பொற்கொடி மறுக்க, நான் எழுதுவேன். சடையனுக்கு வயதாகிவிட்டது. வேலையை விட்டு நின்றவனைப் பஸ் கம்பெனி மறந்துவிட்டது. மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். வாய் பேசாத இளம்பெண் ஒருத்தி கடைக்கு வருகிறாள்.

“அவதான் அந்தப் பாப்பா,” என்றார் திம்மராயன்.

“அவன் கேக்கக் கூடாது,” என்றாள் பொற்கொடி. “அவளும் சொல்லக் கூடாது. டீ குடிச்சுட்டுப் போவட்டும். மறுநாளும் வரட்டும்.”

“பாக்கிற ஜனங்களுக்குப் புரியுமா?”

“பூவம்மாக்காவுக்குப் புரியுமா, புரியாதா? அத சொல்லுங்க.”

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “புரியும்,” என்றார். “அவ என்னைவிட வெவரம்.”

அந்த நாட்களில் பிரவீனா அவரைப் பெங்களூருக்கு வந்து தங்களோடு இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க ராமப்பன் என்ற பக்கத்து நிலத்துக்காரர் கேட்டிருந்தார். திம்மராயன் இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: கதை முடியட்டும். ராமப்பன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு நிலம் பிடித்துக்கொண்டார். திம்மராயன் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நோட்டில் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

6

பொற்கொடி என்பது அவள் உண்மைப் பெயர் அல்ல. இரண்டாவது வரைவில் அவளை ஆணாக மாற்றியிருந்தேன். ஆணும் பெண்ணும் ஹோட்டலில் உட்கார்ந்தால் வாசகர்கள் வேறு கதையை எதிர்பார்ப்பார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அவளிடம்

வேண்டாம். இது அந்தக் கதை இல்லை. அவளை இந்தக் கதையில் நான் உண்மையைவிடக் கூர்மையாகப் பேச வைக்கிறேன் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஆனால் பின்வரும் பேச்சில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு. நோட்டு நிறைந்துவிட்டது. திம்மராயன் சொன்னார்: “தபால்ல வேணாம். தொலைஞ்சா போச்சு. புதன்கெழமை பிரவீனா வூட்டுக்குப் போறேன். அப்பிடியே கம்பெனிக்குப் போயி நேர்லயே குடுத்துட்டு வந்துடறேன்.” சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

“நீங்க சொல்லிடுங்க,” என்றாள் பொற்கொடி.

“என்னத்த?”

“‘க்ளோஷர் டேட் பின்னர் தெரிவிக்கப்படும்’னு எந்த சினிமாக்காரன் லெட்டர் எழுதுவான்? எங்க லைன்ல வாரா வாரம் குவாலிட்டிக்காரங்க ஒட்டுற பேப்பர்ல, தப்ப எப்ப சரிபண்ணி முடிப்போம்னு போடுற இங்கிலீசு அது. உங்களுதும் அதே வேலைதானே.”

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. “எப்பத் தெரியும்?”

“படிச்ச அன்னிக்கே.”

“பெறகு ஏன் சொல்லல?”

“நானும் வந்துட்டுதானே இருக்கேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “எனக்கு அந்த ஹாஸ்டல்ல பதினாறு பேரு. ஒருத்திகிட்டயும் பேச ஒண்ணுமில்ல. அது வேற. இப்ப அவரு நேர்ல போறாரு. புதன்கெழமைக்குள்ள சொல்லிடுங்க. இன்னிக்கே சொன்னா நான் கூட இருக்கேன்.”

திம்மராயன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்னா, ரெண்டு பேரும் சண்டையா?” என்றார்.

“இல்ல, அண்ணாச்சி,” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்ய எஸ்டிடி பூத்துக்குப் போனேன். அவர் வீட்டில் போன் இல்லை. பக்கத்து உரக்கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன். உரக்கடைக்காரர் எடுத்து, “யாரு?” என்றார். வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போகவில்லை.

7

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். பத்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. பொற்கொடி எனக்கு முன்பே வந்து அவருக்கு எதிரில் இருந்தாள்.

“போனேன்,” என்றார். “பெரிய கட்டடம். மூணாவது மாடி. உள்ள போனதும் ஒரு அதிகாரி வந்தாரு. டை கட்டியிருந்தாரு. திம்மராயன்னு சொன்னதும், ஓ, நீங்கதானான்னு கையப் புடிச்சுக்கினாரு. ஏசி ரூமுல ஒக்கார வெச்சாரு. காபி, பிஸ்கோத்து. நோட்ட வாங்கிப் பக்கம் பக்கமாப் பொரட்டினாரு. தமிழ் படிக்கத் தெரிஞ்சவரு. டீக்கடை சீனு ரொம்ப நல்லா இருக்குதுன்னாரு.”

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். எதிரில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பதினோரு வரிகளை நம்பிப் போன மனிதர், அந்த வரிகளுக்கு அடியில் நான் எழுதாத ஒரு மாடியையும் அறையையும் அதிகாரியையும் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

“எப்ப எடுப்பாங்களாம்ணா?” என்றாள் பொற்கொடி. 

“டைம் ஆவும்னாரு. சினிமான்னா சும்மாவா.” பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, “உங்க ரெண்டு பேரையும்கூட விசாரிச்சாரு. மூணு கையெழுத்து இருந்துச்சேன்னு,” என்றார்.

பொற்கொடி எழுந்து கை கழுவப் போனாள். வெகுநேரம் திரும்பவில்லை.

டிசம்பரில் அவளுடைய கம்பெனி ஒப்பந்தம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டாள். கடைசி ஞாயிறு திம்மராயனிடம், “ஒடம்ப பாத்துக்கங்கண்ணா,” என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது ஒரு முறை நின்றாள். பிறகு இறங்கிப் போனாள்.

8

இந்த இடத்தில் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: திம்மராயன் அந்த ஆபீசுக்குப் போனார். அப்படி ஒரு கடிதமே நாங்கள் அனுப்பவில்லை என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தார். ஓசூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது. என் முகத்தைக் காப்பாற்ற ஓர் அதிகாரியை உண்டாக்கினார். இந்த முடிவில் அவர் மிகவும் நல்லவராக இருக்கிறார். மனிதர்களை மிகவும் நல்லவர்களாக எழுதுவதும் அவர்களிடமிருந்து தப்பிக்கிற வழிதான்.

இரண்டாவது: அவர் போகவே இல்லை. கட்டடத்தின் கண்ணாடிக் கதவையும் செக்யூரிட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக் கதை கட்டினார். இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்காமல் கிழித்தேன்.

மூன்றாவது: உண்மையிலேயே அங்கே டை கட்டிய ஓர் ஆள் இருந்தார், சின்ன வயதில் சடையன் படம் பார்த்தவர், கடிதம் பொய் என்று புரிந்தும் காபி வாங்கிக் கொடுத்தார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே நான் இதை நம்பவில்லை.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மூன்றையும் படித்துவிட்டு முதலாவதை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. பொங்கல் கழிந்த வாரத்தில் நடந்தது. இதுவரை நான் பிறருக்குக் காட்டிய எந்த வரைவிலும் அது இல்லை.

9

பொற்கொடி போன பிறகு திம்மராயன் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். நாங்கள் இருவர் மட்டும் ஃபேமிலி ரூமில் உட்கார முடியாது என்று பொது ஹாலில் உட்கார வைத்தார்கள். சத்தத்தில் பேச முடியவில்லை. மாசி பிறந்ததும் பெங்களூருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். நிலத்தைப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டதாம்.

“நான் இன்னிக்கு உங்க கூட ஊருக்கு வரட்டுமா, அண்ணாச்சி?” என்றேன். “நிலத்தப் பாக்கணும்.” சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கேட்டேன்.

“வாங்க. இப்பவாச்சும் வர்றேன்னீங்களே,” என்றார்.

சூளகிரி வழியாகப் போகும் பேரிகை பஸ். மதியம் இரண்டு மணி. சானமாவுக் காட்டருகே எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. ராகி அறுப்புக்காலத்தில் யானைகள் ரோட்டைக் கடக்கும் இடம் அது. வனத்துறைக்காரர் ஒருவர் நடந்து வந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னார். டிரைவர் நிறுத்தினார். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தையின் இருமல் தவிர வேறு சத்தம் இல்லை. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. யானைகள் எங்களுக்குத் தெரியவில்லை. தூரத்தில் மரக்கிளை முறிகிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது.

இப்போது சொல்லலாம் என்று நான் அவர் பக்கம் திரும்பியபோது, ஜன்னலைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

“அந்த ஆபீசுல வாசல்ல ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சு. லெட்டரக் காட்டினேன். உள்ள போயிக் கேட்டுட்டு வந்து, இது எங்களது இல்லீங்கன்னுச்சு. கன்னடத்துல மெதுவாத்தான் சொல்லிச்சு. எனக்குப் புரியலைன்னு நெனச்சு மறுபடியும் சொல்லிச்சு. ஒக்காருங்கன்னு சொல்லித் தண்ணி குடுத்துச்சு.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தண்ணி குடுத்தது மட்டும் நெசம்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்விதானா, அல்லது அவருக்கு நிஜமாகவே தெரியாதா, அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ வருடங்கள் கழித்தும் பிடிபடவில்லை.

வனத்துறைக்காரர் கையசைத்தார். பஸ் கிளம்பியது.

நான் வாயைத் திறந்தேன். “ராகி அறுப்பு முடிஞ்சிருச்சா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“முடிஞ்சுது,” என்றார்.

10

சூளகிரி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அங்கே நான் தலைவலி என்று சொல்லி இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து ஓசூருக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்.

அந்த இருபது நிமிடத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஆறிலும் நான் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் அழுகிறேன், ஒன்றில் அவர் சிரிக்கிறார், ஒன்றில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விடுகிறார். எல்லாம் படிக்க நன்றாக இருக்கின்றன. நடக்காததை எழுதுவதில் எனக்குத் திறமை உண்டு என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அதனால்தான் இதை நான் முடிக்கக் கூடாது.

நீங்கள் முடியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவரை ஏமாளியாக எழுதாதீர்கள். மற்றபடி என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இடம் இது: இரண்டு பேர் சீட்டு, ஜன்னலோரம் அவர். காடு முடிந்து வெயில் உள்ளே வருகிறது. எங்களுக்கு நடுவில் அவருடைய துணிப்பை இருக்கிறது. அது என் தொடையில் இடித்துக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, அவர் அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். “நல்லா ஒக்காருங்க,” என்கிறார்.

நான் நகர்ந்து உட்காருகிறேன்.

இனி நீங்கள்.